கட்டிலடியில் இரண்டு சேவல்கள்

ஷிச்சியாவ் ஊர், ஷிங்குவோ
9 ஏப்ரல் 1987

சம்பந்தி காங் தேமாவ் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இதற்கு மேல் மரியாதைக்கு எழுத எனக்குப் பொறுமை இல்லை, விஷயத்துக்கு வருகிறேன்.

கல்யாணத்தன்று உங்கள் மகள் ஹேமெய்யோடு வழிகாட்டிக் கோழி ஒரு ஜோடி அனுப்பினீர்கள். ஒரு சேவல், ஒரு பொட்டை, காலோடு கால் சிவப்புக் கயிறு கட்டி, கூடையில் வைத்து. அதுவும் உங்கள் மலையடிப் பட்டுக்கோழி. கறுப்புத் தோல், காலுக்கு ஐந்து விரல், பஞ்சு மாதிரி வெள்ளைத் தூவி. எங்கள் பக்கத்தில் யாரிடம் இருக்கிறது அது? ஊரே வந்து பார்த்தது. முறைப்படி புதுக் கட்டிலுக்கு அடியில் விட்டோம். முதலில் வெளியே வருவது சேவல் என்றால் தலைப்பிள்ளை ஆண், பொட்டை என்றால் பெண், அதுதானே முறை. ஒன்று தலையை நீட்டிக்கொண்டு வந்தது. மூன்று மாதக் குஞ்சு, எனக்கு எப்படித் தெரியும்? "இது எதும்மா?" என்று கேட்டேன். ஹேமெய் குனிந்த தலை நிமிராமல், "சேவல், அத்தே" என்றாள். பெண்கள் கைதட்டினார்கள். நான் மிட்டாயை வாரி வாரி இறைத்தேன்.

கல்லறைகளைச் சுத்தம் செய்யும் நாளன்று காலையில் இரண்டும் கூவின.

ஆமாம், இரண்டும்தான். ஒன்று கூவி முடிக்க, இன்னொன்று பதில் சொல்லியது. எதிர்வீட்டில் டோஃபு விற்கும் ஹுவாங்குக்கு அன்றைக்கு வியாபாரமே ஓடவில்லை, சிரிக்கத்தான் நேரம் இருந்தது. "என்னக்கா, உங்க வீட்ல மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளையவே கட்டி வச்சிட்டாங்களா? முட்டை யாரு போடுவா, நீங்களா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். இரண்டு சேவல் வந்த வீட்டில் தொட்டில் ஆடாது என்று கிணற்றடியில் பேச்சு.

எனக்கு ஒரு சந்தேகம். ஷிங்குவோவில் பட்டுக்கோழி பெருகிவிட்டால் உங்கள் ஊர்க்காரர் மவுசு குறைந்துவிடும் என்று பயந்தீர்களோ? பெண்ணைக் கொடுப்பீர்கள், பொட்டைக்கோழியைக் கொடுக்க மாட்டீர்கள், அப்படித்தானே?

படகுத் திருவிழாவுக்கு ஹேமெய் பிறந்த வீட்டுக்கு வருவாள். திரும்ப அழைத்துப்போக என் மகன் சிங்லின் வருவானா என்பது உங்கள் பதிலைப் பொறுத்தது.

லாய் ஃபெங்யிங்


வூஷான் மலையடி, தைஹெ
20 ஏப்ரல் 1987

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் பேனாவைத் தொடக் கூடாது என்று என் வீட்டுக்காரி உத்தரவு போட்டிருந்தாள். இன்றோடு வாரம் முடிந்தது. கோபம் முடியவில்லை.

பொட்டையைக் கொடுக்க மனமில்லாதவனா நான்? போன இலையுதிர் காலத்தில் வெள்ளைக்கழிச்சல் வந்து என் வளர்ந்த கோழிகள் எல்லாம் மண்ணுக்குப் போயின. மிஞ்சியது குஞ்சுகள்தான். அதிலும் கல்யாணத்துக்கென்று ஆகச் சிறந்த ஜோடியைப் பொறுக்கினேன். அந்தப் பொட்டையின் காது மடல் மயில்பச்சை. அப்படி ஒரு நிறம் வருவது அபூர்வம், என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது.

நான் தவறிவிட்டேன் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. மற்ற கோழிகளில் வாலைப் பார்த்து, கழுத்தைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இதற்கு வாலும் பஞ்சு, கழுத்தும் பஞ்சு. ஐந்தாறு மாதம் வளர்த்தவர்களே சேவல் கூவும்வரை முழித்துக்கொண்டு நிற்பார்கள். நான் குடுமியைப் பார்ப்பேன். பந்தாகத் திரண்டு நின்றால் பொட்டை. பின்பக்கமாக இழை இழையாகச் சாய்ந்தால் சேவல். மூக்குக்கு மேலே கொண்டை முசுக்கொட்டைப் பழம் மாதிரி அகலமாகத் தடித்தால் அதுவும் சேவல். சந்தேகம் இருந்தால் இரண்டை எதிரெதிரே நிறுத்து, நெஞ்சை நிமிர்த்துகிறவன் யார் என்று பார். இவ்வளவையும் ஒரே பார்வையில் பார்க்கிற கண் இந்த மலையடியில் இரண்டு பேருக்குத்தான் உண்டு. ஒன்று எனக்கு. இன்னொன்று ஹேமெய்க்கு. ஏழு வயதிலேயே என்னைத் திருத்துவாள், "அப்பா, அது பையன்பா, நல்லாப் பாருங்க" என்று.

சந்தேகம் உங்களுக்கு மட்டும்தான் வருமா? எனக்கும் ஒன்று வருகிறது. புத்தாண்டு விருந்துக்கு உங்கள் வீட்டில் என்ன சமைத்தீர்கள்? கறுப்புக்கோழி சூப்பு பெண்களுக்கு நல்லது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். குடித்துவிட்டு, எங்கேயாவது ஒரு சேவலைப் பிடித்து இடத்தை நிரப்பிவிட்டீர்களோ என்னவோ.

என் குஞ்சுகளுக்கெல்லாம் அடையாளத்துக்கு இடது காலில் விரலிடைத் தோலில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். பாருங்கள். ஒன்றில்தான் இருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காங் தேமாவ்


ஷிச்சியாவ் ஊர்
3 மே 1987

சம்பந்தி அவர்களுக்கு,

பார்த்தேன். நான் மட்டும் பார்த்தால் நம்பமாட்டீர்கள் என்று, சிரித்தானே அந்த ஹுவாங், அவனையே கூப்பிட்டுக் காலைப் பிடித்துக் காட்டினேன். இரண்டிலும் இடது காலில் வெட்டு இருக்கிறது. இரண்டும் உங்கள் வீட்டில் பொரிந்தவை. நாங்கள் கோழி திருடித் தின்னும் ஜாதி இல்லை, சம்பந்தி. புத்தாண்டுக்கு வாத்து சமைத்தோம்.

இப்போது வேறொன்று கேளுங்கள். போன வாரம் விடிகிற நேரத்தில் அடுப்பு மூட்ட எழுந்தேன். கொல்லையில் ஹேமெய். ஒரு சேவலைப் பிடித்துக் குட்டையான மரப்பெட்டிக்குள் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"குளிருது அத்தே, அதான்..."

"ஒண்ணுக்கு மட்டும்தான் குளிருதா?"

கழுத்தை நீட்ட முடியாவிட்டால் சேவல் கூவாதாம், சிங்லின்தான் சொன்னான். பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தேன். காய்ந்த எச்சம் அடை அடையாக ஒட்டியிருந்தது. நேற்று தொடங்கிய வேலை இல்லை அது. கல்லறை நாளன்று அவளுக்கு வாந்தி, எழுந்திருக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் இரண்டும் கூவின.

வாந்தி எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவச்சி பார்த்துவிட்டாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ சோறு இறங்கவில்லை. ஒன்று கூவும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு மூடி மூடி வைத்திருக்கிறாள். நீங்கள் சொல்லிக்கொடுத்து அனுப்பினீர்களா? அப்பாவும் பெண்ணும் சேர்ந்து எங்களை எதற்கு ஏமாற்றினீர்கள்?

திருவிழாவுக்கு அவளை அனுப்புகிறேன். அதற்குள் உண்மையை எழுதுங்கள்.

லாய் ஃபெங்யிங்


வூஷான் மலையடி
16 மே 1987

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தாத்தா ஆகப்போகிறேன் என்று அறிந்து அளவில்லாத மகிழ்ச்சி.

கோழி விஷயத்தில் தவறு என்னுடையது. வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது. சேவலைப் பொட்டை என்று நினைத்து அனுப்பிவிட்டேன். ஹேமெய்க்கு எதுவும் தெரியாது. உங்கள் வீட்டைப் பற்றி நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். என் கண் போய்விட்டது என்று ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

காங் தேமாவ்


ஷிச்சியாவ் ஊர்
24 மே 1987

சம்பந்தி,

உங்களுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

குடுமி, கொண்டை, நெஞ்சு என்று பக்கம் பக்கமாக என்னைப் படிக்கவைத்த மனிதர், ஒரே மாதத்தில் கண் போய்விட்டது என்கிறார். நம்பச் சொல்கிறார். சரி, கண் போனது உங்களுக்கு. பெட்டி வைத்தது யார்? நீங்கள் அறியாமல் அனுப்பிய சேவல், அது சேவல்தான் என்று ஹேமெய்க்கு எப்படித் தெரிந்தது? இந்த மலையடியில் அந்தக் கண் இரண்டு பேருக்கு என்று நீங்களே எழுதினீர்கள். அந்த இரண்டாவது கண்தான் கூடையில் கோழியை மாற்றியிருக்கிறது.

ஏன் என்று எனக்குப் புரியாமல் இருந்தது. நேற்று அவர்கள் அறையைப் பெருக்கப் போனவள், கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு சேவல், ஒரு பொட்டை என்றால் எது முதலில் வருமோ, யாருக்குத் தெரியும். பொட்டை வந்து அவள் "சேவல்" என்று சொல்லியிருந்தால், நாலு மாதத்தில் அது முட்டை போட்டுக் காட்டிக்கொடுத்திருக்கும். இரண்டுமே சேவல் என்றால்? எது வந்தாலும் சேவல்தான். "சேவல், அத்தே" என்றாளே, அது ஒன்றுதான் அன்றைக்கு அவள் சொன்ன உண்மை.

என் வீட்டில், என் சொந்தக்காரர்கள் முன்னால், என்னை மிட்டாய் இறைக்க வைத்திருக்கிறாள் உங்கள் பெண். நான் இன்னும் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள், அழுதால் சிங்லின் அவள் பக்கம் போய்விடுவான். வந்த அன்றே இப்படி ஒரு காரியம் செய்கிறவள் நாளைக்கு என்ன செய்வாள்? அவள் சுட்டு வைக்கிற பலகாரத்தைக்கூட நான் இப்போது யோசித்துத்தான் வாயில் போடுகிறேன்.

வருகிற வாரம் அவளை அனுப்புகிறேன். எப்போது அழைத்துக்கொள்வது என்று சொல்லத் தெரியவில்லை.

லாய் ஃபெங்யிங்


வூஷான் மலையடி
4 ஜூன் 1987

சம்பந்தியம்மா,

திருவிழா முடிந்துவிட்டது. இந்த ஊரில் பிறந்த வீடு வந்த மற்ற பெண்களையெல்லாம் புருஷன்மார் வந்து அழைத்துப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டில், "என்ன, உங்க மாப்பிள்ளைக்கு வழி மறந்துபோச்சா?" என்று கேட்கிறார்கள். ஹேமெய் வாசலுக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறாள்.

நீங்கள் கண்டுபிடித்தது சரி. நான் எழுதியது பொய். பெட்டியைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன், என் வீட்டுக்காரி கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். "இங்க வாங்க. நீங்க பொண்ணுக்குக் கொடுத்தனுப்பின கோழி நம்ம வீட்லயே முட்டை போட்டுட்டு நிக்குது." போய்ப் பார்த்தேன். மயில்பச்சைக் காது மடல். கல்யாணத்துக்கு முதல் நாள் என் கையால் கூடையில் வைத்த அதே பொட்டை. கூடைக்குக் கயிறு கட்டியவள் ஹேமெய். இத்தனை மாதம் மந்தையில் அது நிற்பதை நான் கவனிக்காதது எனக்கு அவமானம்தான்.

அவள் வந்ததும் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"ஏண்டி, என் பேரைக் கெடுத்தியே, எதுக்கு?"

"அப்பா, அவங்க பொண்ணு பாக்க வந்தப்ப என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா? 'சர்க்காரு ஒண்ணுக்கு மேல விடறதில்ல. எங்களுக்குக் கிடைக்கிறது ஒண்ணே ஒண்ணு, அது பேரனா இருக்கணும்'னு சொல்லிட்டு என் இடுப்பையே பாத்தாங்க. கட்டிலடியிலேர்ந்து பொட்டை வந்திருந்தா அன்னிக்கே அவங்களுக்கு என் மூஞ்சி பிடிக்காமப் போயிருக்கும். மெதுவா ஒண்ணை மாத்திடலாம்னு நெனச்சேன்பா. அதுக்குள்ள கூவிடுச்சு."

"பொறக்கறது பொண்ணா இருந்தா என்னடி பண்ணுவே?"

"அதுவரைக்குமாவது நல்லா இருக்கலாமேன்னுதான்" என்றாள்.

என்னால் மேலே திட்ட முடியவில்லை. ஏமாற்றினாள், இல்லை என்று சொல்லமாட்டேன். அவளை அந்தப் பயத்தோடு உங்கள் வீட்டுக்குள் கால் வைக்கச் செய்த பேச்சு உங்களுடையது, அதையும் எழுதிவிடுகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சிங்லினை அனுப்புங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் பொட்டையை அவளோடு அனுப்புகிறேன். வைத்துக் குஞ்சு பொரியுங்கள். இனத்தை வெளியூருக்கு விட்டுவிட்டான் என்று என்னை இங்கே திட்டுவார்கள். திட்டட்டும். என் மகளுக்கு ஒரு வீடு வேண்டும்.

தேமாவ்


ஷிச்சியாவ் ஊர்
11 டிசம்பர் 1987

சம்பந்திக்கும் அவர் வீட்டம்மாவுக்கும்,

இந்தக் கடிதத்தையும் கூடையையும் சிங்லின் கொண்டுவருகிறான். அவனுக்கு முதலில் சாப்பிடக் கொடுங்கள். மலையேறி வந்திருப்பான்.

கூடையில் இருப்பது ஒரு பட்டுக்கோழிக் குஞ்சு. நீங்கள் அனுப்பிய பொட்டை அடைக்கு உட்கார்ந்தால் எழுப்பவே முடிவதில்லை. அதன் குஞ்சுதான் இது, இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளை பிறந்த சேதி சொல்லப் போகிறவன் ஆணென்றால் சேவலும் பெண்ணென்றால் பொட்டையும் கொண்டுபோக வேண்டும் என்பது முறை. இவன் பேருந்து நிறுத்தம் போகும்வரை ஒவ்வொரு வாசலிலும் கூடையை எட்டிப்பார்ப்பார்கள், எனக்குத் தெரியாதா? ஹுவாங் டோஃபு வெட்டுகிற கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவருவான். அதனால்தான் இதை அனுப்பினேன். பார்க்கட்டும், நன்றாகத் தூக்கியே பார்க்கட்டும். யாருக்கும் ஒன்றும் விளங்காது. கேட்டால், "பட்டுக்கோழிங்க, இப்பவே எப்படிச் சொல்றது" என்று மட்டும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். நாங்கள் வாய் திறந்து சொல்லும்போது ஊர் தெரிந்துகொண்டால் போதும்.

பெண் குழந்தை. நல்ல எடை. சத்தம் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கிறது. தாயும் நலம்.

ஜூன் மாதம் சிங்லினை அனுப்பியபோது எனக்கு முழு மனது இல்லை. வயிற்றில் இருப்பது பேரன், அவனுக்காக வரட்டும் என்றுதான் அனுப்பினேன். அதற்குப் பிறகும் ஹேமெய்யை நான் நம்பவில்லை. அரிசிப் பானையைக்கூடப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம், அவ்வளவுதான்.

முந்தாநாள் குழந்தையைக் கழுவி எடுத்துவந்து மருத்துவச்சி சொன்னபோது, ஹேமெய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க அத்தே" என்றாள். பிள்ளை பெற்ற வலியில் குரலே இல்லை, அதையும் திரட்டி அந்த வார்த்தையைச் சொன்னாள். சிங்லினுக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்தாள், சம்பந்தி. உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். என் கொழுந்தன் பொட்டைக்கோழியைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கடைவீதி வழியாகத்தான் என் பிறந்த வீட்டுக்குப் போனான். என் மாமியார் என் அறைப் பக்கம் வரவில்லை. ஒரு வாய் சூப்பு இல்லை. பச்சை உடம்போடு நானே எழுந்து கஞ்சி காய்ச்சிக்கொண்டேன். அந்தக் குழந்தை அந்தக் குளிரைத் தாண்டவில்லை. அன்றைக்கு நானும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன், அந்த அம்மாளிடம். எதற்கு மன்னிப்புக் கேட்டேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கொல்லைக்குப் போனேன். சாதாரணக் கோழிகள் இருந்தன, அதில் ஒன்றைப் பிடிக்கத்தான் போனேன். பிள்ளை பெற்றவளுக்குக் கறுப்புக்கோழிதான் ரத்தம் ஊறவைக்கும் என்று உலகத்துக்கே தெரியும். வளர்ந்த கறுப்புப் பொட்டை என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, நீங்கள் அனுப்பியது. அதைப் பிடித்தேன். சிங்லின் ஓடிவந்து, "அம்மா, அதைப் போயா? இன்னொன்னு எங்க கிடைக்கும்?" என்று கையைப் பிடித்தான். "போய்த் தண்ணிய சுட வை" என்றேன்.

இஞ்சியைத் தட்டிப்போட்டு, நம் வீட்டு அரிசி மது ஊற்றி, மதியம்வரை அடுப்பில் வைத்தேன். கிண்ணத்தை நானே கொண்டுபோனேன், தலையணையை நிமிர்த்தி உட்காரவைத்தேன். கரண்டியை வாங்க அவளுக்குக் கை வரவில்லை. அதனால் நானே ஊட்டினேன். கோழிக்காரர் பெண் இல்லையா, பாதிக் கிண்ணத்தில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அத்தே, இது எந்தக் கோழி?"

"பேசாம குடி, ஆறிடும்" என்றேன்.

ஃபெங்யிங்